நன்றியுரை: ஆவுடையப்பன்

வாங்க டீச்சர், வாங்க. செருப்பு அங்கனயே கிடக்கட்டும். இந்தச் சேர்ல இருங்க, அதுல வேண்டாம், அது கால் ஆடும். கோமதி! கிட்டங்கி ஸ்கூல்ல இருந்து டீச்சர் வந்திருக்காவ பாரு. நூற்றாண்டு மலருக்கு எழுதிட்டுப் போக வந்திருக்காவ. விழா முடிஞ்சுதான் மலர் அச்சாகுமாம்.

கலர் குடிக்கியளா? வெயில்ல வந்திருக்கிய. என்ன சிரிக்கிய? ஓ, ஊர்ல சொல்லியிருப்பாவ. ஆவுடையப்பன் சார் கலர் வாங்கிக் குடுத்தா சீட்டு கிழிஞ்சுதுன்னு அர்த்தம்னு. அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எங்கிட்ட டி.சி. புஸ்தகமும் கிடையாது, சீலும் கிடையாது. பயப்படாமக் குடிங்க. கோமதி, ஒண்ணு எடு. பன்னீர் கலர் இருக்குல்லா, அத எடுக்காத. அது நம்பிக்கு வாங்கி வச்சது. ஆரஞ்ச எடு.

நம்பி எம் மவன். நம்பிராஜன். பிலாஸ்பூர்ல ரயில்வேயில இருக்கான். விழாவுக்காக லீவு போட்டு வாரான். இன்னைக்குக் காலையில இறங்கணும், வண்டி லேட்டாம். அதான் அப்பப்ப வாசலப் பாக்கேன், தப்பா நினைக்காதிய.

எழுதுறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. இந்த அழைப்பிதழ அச்சடிச்சது யாரு? நான் கண்ணாடி போட்டும் வாசிச்சேன், போடாமயும் வாசிச்சேன், ரெண்டு விதத்துலயும் ஒண்ணுதான் எழுதியிருக்கு. இறைவணக்கம், மாணவிகள். சரி. வரவேற்புரை, இப்ப இருக்க ஹெச்.எம். சரி. தலைமை, செயலர். அவரு ஸ்கூல், அவரு தலைமை. வாழ்த்துரைன்னு ஒரு கூட்டம், அதுல கவுன்சிலர்ல இருந்து அரிசி மண்டிக்காரர் வரைக்கும் இருக்காவ. அப்புறம் நட்டநடுவுல, கட்டம் கட்டி, பூ போட்டு, போட்டோ போட்டு, 'பாராட்டுப் பெறுபவர்: முன்னாள் உடற்கல்வி ஆசிரியர் திரு. ஞானதுரை'. அதுக்குக் கீழ ஏற்புரை, அதுவும் அவருதான். எல்லாத்துக்கும் கீழ, நாட்டுப்பண்ணுக்கு ஒட்டுனாப்புல, 'நன்றியுரை: திரு. ச. ஆவுடையப்பன், முன்னாள் தலைமையாசிரியர்'.

நன்றியுரைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா? பந்தியில எலை போடுத சத்தம் கேக்குத நேரம். பாதிப் பேரு எந்திரிச்சிருப்பான், மீதிப் பேரு செருப்பத் தேடிக்கிட்டு இருப்பான். மைக்காரன் வயரச் சுருட்ட ஆரம்பிச்சிருப்பான். அப்ப ஒருத்தன் நின்னு பந்தல் போட்டவருக்கு நன்றி, தண்ணி வச்சவருக்கு நன்றின்னு சொல்லிக்கிட்டு இருக்கணும். டிரில் மாஸ்டருக்குக் கட்டம், ஹெச்.எம்.முக்கு ஓரம். நல்லா இருக்கா இது?

பொறாமைன்னு நினைச்சிராதிய. எனக்கென்ன பொறாமை? அவரு பாடம் நடத்துன ஆளா? விசில் ஊதுன ஆளு. நான் முறையச் சொல்லுதேன். எனக்கு முறைதான் முக்கியம். யாரு ஆண்டாலும் முறை முறைதான்.

சரி, எழுதிக்கிடுங்க. பள்ளியின் வரலாறு.

நம்ம ஸ்கூல ஆரம்பிச்சது வேலாயுதம் முதலாளி. பஞ்சு வியாபாரம். அவருக்கு ஒரே மவன், மந்தம். டவுன்ல பெரிய ஸ்கூல் ஒண்ணு இருந்துச்சு, அதுல சேக்கப் போயிருக்காரு. அங்க இருந்த ஹெச்.எம். பையனப் பாத்துட்டு, இவனுக்குப் படிப்பு வராது, உங்க பஞ்சுக் கடையில எடை போட வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாராம். முதலாளிக்கு ரோசம். அன்னைக்கே வண்டியத் திருப்பிட்டு வந்து, ஊரணிக் கரையில மூடை அடுக்கி வச்சிருந்த கிட்டங்கியக் காலி பண்ணச் சொல்லி, சுண்ணாம்படிச்சு, ரெண்டு வாத்தியார வச்சு, எம் மவன் இங்க படிப்பான், எவன் மவன வேண்டாம்னு சொன்னாலும் அவனும் இங்க படிப்பான்னாராம். அதனாலதான் போர்டுல வேலாயுதம் உயர்நிலைப் பள்ளின்னு இருந்தாலும், ஊருக்குக் கிட்டங்கி ஸ்கூல். நீளமா எழுதாதிய, ரெண்டு வரி போதும். இதெல்லாம் பழைய கதை. அந்த மவனும் கடைசி வரைக்கும் பாஸாகல. நான் இருந்திருந்தா ஒன்பதாம் வகுப்புலயே டி.சி. குடுத்திருப்பேன்.

முக்கியமான வரலாறு நான் ஹெச்.எம். ஆன பிறகுதான் ஆரம்பிக்கு. அத விரிவா எழுதுங்க. நான் பொறுப்பேத்த வருஷம் கிட்டங்கி ஸ்கூல்னா ஒரு நக்கல். மூடை மூடையாப் போவான், மூடை மூடையா ஃபெயில் ஆவான்னு சொல்லுவாவ. பக்கத்து ஊர்க்காரன் பொண்ணு குடுக்கதுக்குக்கூட, மாப்பிள்ளை கிட்டங்கி ஸ்கூலா, அப்பம் யோசிக்கணும்பான். நான் ராவு பகலா யோசிச்சேன். படிக்குத பையன் படிக்கான். படிக்காதவன் அவனையும் சேத்து இழுக்கான். அப்ப என்ன செய்யணும்? படிக்காதவனப் பத்தாங்கிளாஸுக்கு வர விடக்கூடாது. சாதாரணக் கணக்குதான டீச்சர் இது? வகுத்தல். கீழ இருக்க எண்ணக் குறைச்சா சதவீதம் ஏறும்.

விரட்டுனேன்னு ஊர்ல சொல்லுவாவ. விரட்டல. கௌரவமா அனுப்புனேன். ஒன்பதாங்கிளாஸ் முழுப்பரீட்சை முடிஞ்சதும் தகப்பனையும் மவனையும் என் ரூமுக்குக் கூப்புடுவேன். உக்காரச் சொல்லுவேன். அந்தக் காலத்துல எந்த ஹெச்.எம். தகப்பன்மார உக்காரச் சொன்னான்? முக்குக்கடையில இருந்து ரெண்டு கலர் வாங்கிட்டு வரச் சொல்லுவேன். என் கைக்காசு. குடிச்சு முடிச்சதும் டி.சி.யக் கையில குடுப்பேன். நடத்தை 'நன்று'ன்னுதான் எழுதுவேன். 'நன்று' இல்லாம ஒருத்தனையும் நான் அனுப்புனதில்ல. அப்புறம் என்ன ஆச்சுன்னா, முக்குக்கடையில இருந்து கலர் போறதப் பாத்தாலே தகப்பன்மாரு வாசல்ல நின்னு அழ ஆரம்பிச்சிட்டாவ. கலர் குடிச்ச பையன்னே ஊர்ல ஒரு பேரு வந்துட்டு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நல்லெண்ணத்துல வாங்கிக் குடுத்தது.

ரெண்டே வருஷம் டீச்சர். நூத்துக்கு நூறு! கேட்டுல போர்டு எழுதி மாட்டுனோம். மாவட்டத்துல இருந்து வந்து பாத்தாவ. டவுன்ல இருந்து கார்ல வந்து அட்மிஷன் கேட்டாவ. எந்த டவுன்? வேலாயுதம் முதலாளி மவன வேண்டாம்னு சொன்ன அதே டவுன். அந்த ஸ்கூல் ஹெச்.எம்.மே எங்கிட்ட வந்து, எப்பிடி சார்னு கேட்டான். இத எழுதிக்கிடுங்க. தனிப் பத்தியா எழுதுங்க.

உங்கப்பா நம்ம ஊர்தானா? பேரு? பழனிவேலா? எந்த பழனிவேல், வண்டிப்பேட்டையா? எந்த வருஷம் படிச்சாரு... ஓ. சரி, சரி. நல்ல பையன். கையெழுத்து அழகா இருக்கும். சரி, விடுங்க. கலரக் குடிங்க, சூடாயிரும்.

இரு கோமதி, ஆட்டோ சத்தம்... இல்ல, கேஸ் வண்டி.

இப்ப ஞானதுரைக்கு வாரேன். வரமாட்டேன்னா விடவா போறிய? நீங்க வந்ததே அவரப் பத்திக் கேக்கத்தான், எனக்குத் தெரியாதா? கேளுங்க. நல்ல மனுசன்தான். நான் இல்லங்கல. ஆனா அவரால ஸ்கூலுக்கு என்ன பேரு வந்துச்சு? சொல்லுங்க. ஓட்டத்துல கப்பு வாங்கித் தந்தாருன்னு சொல்லுவாவ. கப்பக் காட்டி எவனாவது அட்மிஷன் கேட்டானா?

அந்தக் கிரவுண்டு ஓட்டப்பாதைகூட அவரு கணக்கில்ல, என் கணக்கு. இது யாருக்கும் தெரியாது, எழுதிக்கிடுங்க. நம்ம கிரவுண்டு ஒழுங்கான கிரவுண்டு கிடையாது, ஒரு பக்கம் ஊரணி உள்ள வந்திருக்கும். புஸ்தகத்துல இருக்க அளவு அதுக்குச் சேராது. ஞானதுரை கயத்தையும் முளைக்குச்சியையும் வச்சுக்கிட்டு ஒரு வாரமா முழிச்சாரு. எங்கிட்ட வந்தாரு. நான் போர்டுல போட்டுக் காட்டுனேன். வளைவுல வெளிச்சுத்துல ஓடுதவன் கூடுதல் தூரம் ஓடணும்லா? உள்ள ஓடுதவனோட சேத்து ஒரே கோட்டுல நிறுத்துனா அது அநியாயம்லா? அதனால வெளிய ஓடுதவன ஒரு அளவு முன்னால தள்ளி நிறுத்தணும். எவ்வளவு முன்னாலங்கதுதான் கணக்கு. எல்லாரும் ஒரே தூரம் ஓடுனாத்தான் போட்டி, இல்லன்னா கூத்து. நான் சொன்னதும் ஞானதுரை கையெடுத்துக் கும்புட்டாரு. அந்தக் கணக்கு வச்சுத்தான் கடைசி வரைக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டாரு.

வருஷா வருஷம் விளையாட்டு விழாவுல மைக்கப் புடிச்சு, இந்தக் கோடு ஹெச்.எம். சார் கணக்குன்னு சொல்லுவாரு. எதுக்குச் சொல்லுதாருன்னு நினைக்கிய? பந்து வாங்க நான் கையெழுத்துப் போடணும்லா, அதுக்கு.

என்ன கோமதி? நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நீ அடுப்புல சொதியப் பாரு, தேங்காப்பால் திரிஞ்சிரப் போகுது.

அவளுக்கு அவரப் பத்திப் பேசுனாப் புடிக்காது. அதாவது, நான் பேசுனாப் புடிக்காது.

என் நேர்மையப் பத்தி ஒரு சம்பவம் சொல்லுதேன். இத மலர்ல போட்டியன்னா வேற எந்த ஹெச்.எம்.மும் தலை தூக்க மாட்டான். எம் மவன் நம்பி இதே ஸ்கூல்லதான் படிச்சான். ஒன்பதாங்கிளாஸ். கணக்குல கோட்டை விட்டான். கணக்கு வாத்தியார் மவன், கணக்குல! அரைப்பரீட்சையிலயும் போச்சு, முழுப்பரீட்சையிலயும் போச்சு. வீட்டுல நான் சொல்லிக் குடுக்காம இல்ல. உக்கார வச்சா நடுங்குவான். பென்சிலப் புடிச்சா முனை ஒடிஞ்சிரும். ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னு நான் கேட்டாலும் முழிப்பான். அவன் அம்மா, இந்தக் கோமதி, கேட்டாச் சொல்லுவான், அது வேற விசயம்.

என்ன செய்யிறது? ஊர் பூரா என்னையப் பாக்கு. வண்டிப்பேட்டை பழனிவேலுக்கு ஒரு முறை, ஹெச்.எம். மவனுக்கு ஒரு முறையா? கூப்புட்டேன். என் ரூமுக்குத்தான், வீட்டுல வச்சு இல்ல. தகப்பன் வந்து உக்காரணும், தகப்பன் நாந்தான், அதனால எதுத்த சேரு காலியாத்தான் இருந்துச்சு. கலர் வாங்கிட்டு வரச் சொன்னேன். பன்னீர் கலர், அவனுக்குப் புடிச்சது. முறை முறைதான? மத்தவனுக்கு வாங்கிக் குடுத்துட்டு எம் மவனுக்கு வாங்காம இருந்தா நல்லாவா இருக்கும்?

அவன் குடிக்கல.

நின்னுக்கிட்டே இருந்தான். பாட்டில் மேசையில இருக்கு, வேர்த்து வடியுது, மேசையில வட்டமாத் தண்ணி. குடின்னேன். தலைய ஆட்டுனான். டி.சி.ய வாங்கிட்டு, 'வாரேன் சார்'னுட்டுப் போயிட்டான். ஸ்கூல்ல என்னைய சார்னுதான் கூப்புடணும், நான் வச்ச முறைதான் அது. சரியாத்தான் சொல்லிட்டுப் போனான். அந்தக் கலர வீணாக்கக் கூடாதுன்னு நானே குடிச்சேன். கேஸ் போயிருந்துச்சு.

அன்னைல இருந்து கோமதி கலர் குடிக்கதில்ல. தனக்கு ஒத்துக்கிடலங்கா. எதுக்குன்னு நானும் கேட்டதில்ல.

அதுக்கு முந்தின நாளு ஞானதுரை என் ரூமுக்கு வந்தாரு. எப்பிடியோ தெரிஞ்சிருக்கு. உக்காருங்கன்னேன், உக்காரல. 'சார், நம்பிய மட்டும் விட்டுருங்க, அவன் கால்ல ஓட்டம் இருக்கு, படிப்பும் வரும், நான் பாத்துக்கிடுதேன்'னாரு. 'அது முறையில்ல மாஸ்டர்'னேன். என்ன சொன்னாரு தெரியுமா? 'முறை இல்லதான் சார். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.' எம் மவனுக்காக எங்கிட்ட வந்து அவரு கெஞ்சுதாரு! எப்பிடி இருக்கும் எனக்கு? எம் மவன் மேல எனக்கு இல்லாத அக்கறை இவருக்கா? போயிட்டு வாங்க மாஸ்டர்னுட்டேன்.

அத்தோட விட்டாரா? விடல. நம்பி பக்கத்து ஊரு கவர்மெண்டு ஸ்கூலுக்கு பஸ்ல போயிட்டு இருந்தான். அதுக்கு முந்தி விடியக்காலையில நம்ம கிரவுண்டுல ஓட விட்டாரு. அவன மட்டுமில்ல, கலர் குடிச்ச பையன் அத்தன பேரையும். வெளி ஸ்கூல் பையன் நம்ம கிரவுண்டுல எப்பிடி ஓடலாம்? மெமோ குடுத்தேன். மெமோவ மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, சரி சார்னுட்டுப் போனாரு. மறுநாள் பாத்தா ஊரணிக்குள்ள கோடு போட்டிருக்காரு! அந்த வருஷம் மழை இல்ல, ஊரணி காஞ்சு கிடந்துச்சு. ஊரணி பஞ்சாயத்துக்குச் சொந்தம், எனக்கு அதிகாரம் கிடையாது. எந்தக் கணக்கு வச்சுக் கோடு போட்டாரு? என் கணக்கு!

நான் இருட்டோட ஸ்கூலுக்கு வந்திருவேன், என் ரூம் ஜன்னல்ல இருந்து பாத்தா ஊரணி முழுசாத் தெரியும். விடிஞ்சும் விடியாம பையன்மாரு ஓடுவான், ஓடி முடிச்சு வட்டமா உக்காந்து புஸ்தகத்தை விரிப்பான். சாயங்காலமும் அப்பிடித்தான். இவரு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருப்பாரு. சிரிப்புச் சத்தம் கேக்கும். படிக்குத எடத்துல என்ன சிரிப்பு? எம் மவன் சிரிச்சு நான் அப்பதான் கேட்டேன். அவன் சத்தந்தான்னு எனக்கு மொதல்ல தெரியல. ஜன்னலச் சாத்திட்டு உக்காந்தேன். வெயில் அடிக்கும்லா.

பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்துச்சு. நம்பி பாஸு. கணக்குல எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு! நான் நேரா ஞானதுரை வீட்டுக்குப் போனேன், சர்ச் தெருவுக்கு. வாசல்ல நின்னே கேட்டேன், 'யாரு மாஸ்டர் இவனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தது?' 'நீங்கதான் சார்'னாரு. நக்கலோன்னு பாத்தேன். இல்ல. வாரா வாரம் கோட்ட அழிச்சிட்டு, பையன்மாரயே அளந்து போடச் சொல்லுவாராம். கயறு, முளைக்குச்சி, வளைவு, எவ்வளவு முன்னால நிறுத்தணும், எல்லாம் அவனுவளே கணக்குப் போடணும். 'நீங்க போர்டுல போட்டுக் காட்டுனத அப்பிடியே சொல்லிக் குடுத்தேன் சார், நம்பி டக்குனு புடிச்சுக்கிட்டான்'னாரு. பாத்தியளா? அவரே ஒத்துக்கிட்டாரு! அப்ப எம் மவனுக்குக் கணக்கு வந்தது யாரால? என்னால. கயத்தப் புடிச்சதுதான் அவரு. இத நான் நம்பிகிட்ட ஒரு நாள் சொன்னேன். 'சரிப்பா'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

அப்புறம் ஓட்டத்துல ஜெயிச்சான், ஸ்டேட்டுக்குப் போனான், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேயில எடுத்தாவ. கல்யாணம் ஆச்சு. மணமேடையில தாய் தகப்பன் கால்ல விழணும், விழுந்தான், முறைப்படி. எந்திரிச்சவன் மாலையும் கழுத்துமா நேராக் கூட்டத்துக்குள்ள போனான். ஏழாவது வரிசையோ எட்டாவது வரிசையோ, அங்க உக்காந்திருந்த ஞானதுரை கால்ல போயி விழுந்தான். அய்யரு சொல்லல. யாரும் சொல்லல. எங்கிட்ட விழுந்தவன் சட்டுனு எந்திரிச்சிட்டான். அங்க விழுந்தவன எழுப்பவே முடியல. மொத்த மண்டபமும் பாக்கு. நான் மேடையில நிக்கேன், கையில அட்சதையோட. அது எந்த முறை, சொல்லுங்க?

ஞாயித்துக்கிழமை தோறும் போன் பண்ணுவான். அம்மாட்டதான். அப்பா எப்பிடி இருக்காவன்னு கேப்பான், நல்லா இருக்காவம்பா இவ. நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன், பேப்பர் வாசிச்சுக்கிட்டு. அத வச்சதும் அங்க போடுவானாம். ஞானதுரை சொல்லித்தான் எனக்கே தெரியும். 'நம்பிக்கு சுகர் இருக்காம்லா சார்'னு, அவரு கட்டில்ல விழுததுக்கு முந்தி, கடைத்தெருவுல வச்சுக் கேக்காரு. எம் மவனுக்கு சுகர் இருக்கது எனக்குத் தெரியாது!

இந்த விழாவுல மட்டும் என்ன? கமிட்டியில பூரா யாருன்னு நினைக்கிய? கலர் குடிச்ச பையன்மாருதான். எவன் ரைஸ் மில் வச்சிருக்கான், எவன் லாரி விடுதான், எல்லாம் அவன்தான். நூத்துக்கு நூறு வாங்கிக் குடுத்த பையன் ஒருத்தனும் ஊர்ல இல்ல, எல்லாவனும் அமெரிக்காவுல இருக்கான், வாட்ஸ்அப்ல கைகூப்புத படம் அனுப்புதான். இவனுவ கூடி, பாராட்டு மாஸ்டருக்குன்னு முடிவு பண்ணியிருக்கானுவ. ஆவுடையப்பன் சாரக் கூப்புடவே வேண்டாம்னானுவளாம். ஆமா, எனக்குத் தெரியும், மறைக்காதிய. அழைப்பிதழ் கொண்டு வந்த பையன் உளறிட்டான். அதுக்கு ஞானதுரை, ஹெச்.எம். சார் மேடையில இல்லன்னா நானும் வரமாட்டேன், என்னையக் கட்டிலவிட்டுத் தூக்காதியன்னுட்டாராம். அப்புறந்தான் அச்சுக்குப் போன அழைப்பிதழ நிறுத்தி, கடைசியில எடம் இருந்துச்சுன்னு நன்றியுரையில என் பேரச் சேத்திருக்கானுவ. திமிரப் பாத்தியளா? நான் மேடையில ஏறதுக்கு இவரு சிபாரிசா? அந்த ஸ்கூல்ல ஹெச்.எம். யாரு, நானா அவரா?

வரமாட்டேன்னு சொல்லத்தான் இருந்தேன். அப்புறம் நம்பி வாரான்னு இவ சொன்னா. சரி, ஸ்கூல் பேருக்காகன்னு ஒத்துக்கிட்டேன்.

இருங்க. ஆட்டோ. இது ஆட்டோதான். கோமதி, வாசல்ல கோலத்த மிதிக்காம... நான் போறேன், நீ இரு.

...

ம்.

உக்காருங்க டீச்சர், ஏன் எந்திரிச்சிட்டிய? அவன்தான். நம்பிதான். பின்னால உக்காந்திருந்தான், பெட்டி மடியில இருந்துச்சு. கையக் காட்டுனான். ஆட்டோ நிக்கல, சர்ச் தெருவுக்குத் திரும்பிட்டு. அவருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு கட்டில்ல இருக்காருல்லா, பாத்துட்டு வருவான். முறைதான், சுகமில்லாதவரத்தான் மொதல்ல பாக்கணும். பாத்துட்டு இங்க வருவான். சாப்பாட்டுக்கு வந்திருவான். இவ சொதி வச்சிருக்கது அவனுக்குத் தெரியும்.

கோமதி, அந்தப் பன்னீர் கலர ஃப்ரிட்ஜுலயே வையி. வெளிய எடுத்து வைக்காத, சூடாயிரும்.

முடி நரைச்சிட்டு டீச்சர் அவனுக்கு. காதுப் பக்கம் பூரா.

எழுதுனது போதும், புஸ்தகத்த மூடுங்க. நூத்துக்கு நூறு, கணக்கு, எல்லாம் எழுதிட்டிய. ஒண்ணு கேக்கணும். நாளைக்கு மேடையில தொகுத்துப் பேசப்போறது நீங்கதான்னு சொன்னாவ. யாரு எப்பப் பேசணும்னு பேரக் கூப்புடுறது நீங்கதான? மைக்கு உங்க கையிலதான?

அந்த நன்றியுரைய ஏற்புரைக்கு முன்னால வைக்க முடியுமா?

மாஸ்டரால ரொம்ப நேரம் உக்கார முடியாது, தெரியும்லா. ஏற்புரை முடிஞ்சதும் அவரப் படுக்க வைக்கணும். நம்பிதான் தூக்கிட்டுப் போவான், வேற யாரையும் விடமாட்டான். அங்க இருந்து அப்பிடியே ரயிலுக்குப் போயிருவான், ராத்திரி வண்டி. நான் எந்திரிச்சு மைக்கப் புடிக்கும்போது அவன் அங்க இருக்க மாட்டான். மத்தவன் யாரு எந்திரிச்சுப் போனாலும் எனக்கு ஒண்ணுமில்ல. எலை போடட்டும், வயரச் சுருட்டட்டும். அவன் இருக்கும்போது நான் பேசணும், டீச்சர். ரெண்டே நிமிசம். பந்தல்காரர், தண்ணிக்காரர் எல்லாரையும் விட்டுருதேன். நன்றின்னு ஒரு பேரு மட்டும் சொல்லணும், அவன் காது கேக்கச் சொல்லணும்.

நன்றியுரை கடைசியிலதான் வரணும், எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் முறை சொன்னவன் நான். முறை இல்லதான் டீச்சர். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.